ஒன்று கொடுத்து இரண்டு எடுத்த நவரத்தினம்

வைலே என்கிற டேனிஷ் நகரத்தில் நவரத்தினத்தை ஏய்த்தவன் என்று ஒருவனும் கிடையாது. இதை அவரே சொல்வார், சொல்லாமல் விட்ட நாளும் இல்லை. பிறந்த ஊரான அளவெட்டியில் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு வந்த மனிதர். வந்த புதிதில் இறைச்சித் தொழிற்சாலையில் நின்று பன்றித் தொடைகளைக் கொழுவியில் மாட்டினார். பிறகு அலுவலகங்களில் நிலம் துடைத்தார். இன்றைக்கு அவருக்குச் சொந்தத் துப்புரவுக் கம்பனி இருக்கிறது, பெயர் எழுதிய வான்கள் ஓடுகின்றன. டாக்குத்தரின் கிளினிக்கும் வக்கீலின் கந்தோரும் அவருடைய ஆட்கள் கூட்டிப் பெருக்கினால்தான் திறக்கும். படித்தவன் ஊத்தையாக்குகிறான், படியாதவன் துடைத்து வீடு கட்டுகிறான், உலகம் அவ்வளவுதான் என்பது அவருடைய கணக்கு. கணக்குப் பிழை என்று யாரும் இதுவரைக்கும் நிரூபிக்கவில்லை.

அப்படிப்பட்டவர் கூடைப்பந்துக்குள் வந்தது விளையாட்டு ஆசையால் அல்ல. ஊரில் அது பெரிய கல்லூரிப் பொடியன்களின் விளையாட்டு. நவரத்தினம் வேலிக்கு வெளியே நின்றுகூடப் பார்த்ததில்லை. வைலேயில் தமிழ்ப் பிள்ளைகள் ரயில் நிலையத்தடியில் சும்மா நின்று திரிகிற காலத்தில், தன்னுடைய இரண்டு மகன்மாரும் அந்தக் கூட்டத்தில் நிற்பதைக் கண்டார். அடுத்த நாளே கம்யூனுக்கு, அதுதான் நகரசபைக்கு, போனார். பாதி டேனிஷ், பாதி கை. விளையாட்டு மண்டபத்தின் திறப்போடுதான் திரும்பி வந்தார். மகன்மார் வளர்ந்து கொப்பன்ஹேகன் பக்கம் போய்விட்டார்கள். திறப்பு மட்டும் அவருடைய சட்டைப்பையை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து வைலே அணியின் பொறுப்பாளர் அவர்தான். கழுத்தில் விசில், கையில் ஆட்டம் கீறிக் காட்டுகிற பலகை, பெஞ்சின் முதலாவது இருக்கை. சனிக்கிழமை என்றால் அவருக்கு அதுதான் கோயில்.

தமிழ்க் கழகங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலச் சுற்றுப்போட்டிக்கு முன்னம் பொறுப்பாளர்கள் ஆள் மாற்றிக்கொள்வார்கள். பொடியன் படிக்க ஒரு ஊர், வேலைக்கு ஒரு ஊர் என்று போய்விடுகிறபடியால் வந்த ஏற்பாடு. கடுதாசி ஒன்றும் கிடையாது. வாயால் பேசி, கை கொடுத்தால் முடிந்தது. சுற்றுப்போட்டி முடியும் வரைக்கும் மாற்றினது மாற்றினதுதான். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மாற்றுச் சம்பந்தம் போல, அதற்குப் பெயரும் 'மாற்று' என்றே ஆகிவிட்டது.

கடந்த ஐப்பசியில் ஹோர்சன்ஸில் ஒரு கலியாணவீடு. நவரத்தினம் சோற்றுக் கோப்பையோடு இடம் தேடிக்கொண்டிருக்க, ரண்டர்ஸ் அணியின் பொறுப்பாளர் செல்வரட்ணம் பக்கத்துக் கதிரையைத் தட்டினார்.

"அண்ணை, இருங்கோ. உங்கட றொனிஷன் ஆர்ஹூசிலை படிக்க வந்திட்டானாம்?"

"ஓம், வந்திட்டான். அதுக்கென்ன?"

"ரண்டர்ஸ் அவனுக்குக் கிட்ட. எங்களுக்குத் தாங்கோவன்."

நவரத்தினம் முருங்கைக்காயைச் சப்பியபடி சிரித்தார். றொனிஷன் அவருடைய அணியின் கண். பத்து வயதிலிருந்து அவர் கைக்குள் வளர்ந்த பொடியன், கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் கூடைக்குள் விழும். "கேக்கிறதுக்கு ஒரு அளவு வேணும் தம்பி. பதிலுக்கு ஆரைத் தருவீர்? உம்மட பெஞ்சு காக்கிறவனையோ?"

"சுபாங்கனைத் தாறன்."

நவரத்தினத்தின் வாய் நின்றது. சுபாங்கன் ரண்டர்ஸின் உயரமான பொடியன், கதவு நிலையில் தலை முட்டும்.

"தம்பி கபிலனையும் சேத்துத் தாறன்," என்றார் செல்வரட்ணம். "அண்ணன் இப்ப ஹோர்சன்ஸிலை வேலை, தம்பி கோல்டிங்கிலை படிக்கிறான். அவங்களுக்கு வைலேதான் வசதி. பேசி முடிப்பமோ?"

ஒன்றுக்கு இரண்டு. நவரத்தினம் எச்சில் கையைத் துடைக்கவும் பொறுக்காமல் இடது கையைக் கொடுக்கப் போய், சகுனம் பிழை என்று ஓடிப்போய்க் கழுவிவிட்டு வந்து வலது கையைக் கொடுத்தார்.

வைலேக் கழகக் கூட்டத்தில் எல்லோரும் குதித்தார்கள். றொனிஷனைக் கொடுத்தது கொலைபாதகம் என்றார்கள். செயலாளர் அஜந்தினி, கம்யூனில் வேலை பார்க்கிற பிள்ளை, நிதானமாகத்தான் கேட்டாள். "அங்கிள், எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாந்தானே?"

"கேட்டிருந்தா இப்பவும் கதைச்சுக்கொண்டிருப்பியள், செல்வரட்ணம் வேற ஊருக்குக் குடுத்திருப்பான்," என்றார் நவரத்தினம். பிறகு, கேட்காமலே, எழும்பி நின்று சொன்னார். "தையிலை ரண்டர்ஸ் எங்களிட்ட விளையாட வருது. அண்டைக்கு இந்த மாற்று பிழையெண்டு தெரிஞ்சால், விசிலையும் திறப்பையும் இந்த மேசையிலை வைச்சிட்டுப் போறன். பிறகு நவரத்தினத்தை இந்த மண்டபத்திலை காணமாட்டியள்."

சொல் வெளியே வந்துவிட்டது. அஜந்தினி அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை, ஆனால் கேட்டவர்களுக்கு எழுத்துத் தேவையில்லை.

முதல் பயிற்சியிலேயே வைலே வாயடைத்துப் போனது. சுபாங்கன் கூடைக்குக் கீழே நின்றால் மதில். கபிலன் பந்தைத் தட்டிக்கொண்டு போனால் தண்ணீரில் விட்ட மீன். பெரியவர்களுக்கு மரியாதை, நேரத்துக்கு வருகை, பயிற்சி முடிந்தால் பந்துகளையும் பொறுக்கி வைக்கிறார்கள். குதித்தவர்களே வந்து கை கொடுத்தார்கள். நவரத்தினம் தமிழ்க் கடையில், கோயிலில், வான் சாரதிகளிடம், ஒரு டேனிஷ் பல் வைத்தியரிடம்கூட, வாயைத் திறந்தபடி கிடந்துகொண்டே, இந்தக் கதையைச் சொன்னார்.

மனைவி புனிதத்துக்கு மட்டும் முகம் மாறவில்லை. புட்டுக்கு மா குழைத்துக்கொண்டே கேட்டாள். "இஞ்சருங்கோ, உந்தச் செல்வரட்ணம் இளகின மனசுக்காரனோ?"

"அவனோ? கல்லிலை நார் உரிப்பான்."

"அப்ப ஏன் ஒண்டு கேட்டு ரெண்டு தந்தவன்?"

அவ்வளவுதான் அவள் கேட்டது. மாவைக் குழைத்து முடித்தாள், புட்டு அவிந்தது, நவரத்தினத்துக்கு இறங்கவில்லை.

வாழ்நாளெல்லாம் வாங்கி விற்ற மனிதருக்கு இது தெரியாமல் போனதே! கேட்டதற்கு மேலே ஒருவன் தருகிறான் என்றால், அவன் தருவதல்ல, தள்ளிவிடுவது. பழைய வான் ஒன்றை அவரே இப்படித்தான், ஏணியும் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லித் தள்ளிவிட்டிருக்கிறார். அப்படியானால் இந்தப் பொடியன்களில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது. எங்கே?

அடுத்த சனிக்கிழமை அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, ஓட்டையைத் தேடினார். சுபாங்கனை முழங்காலை மடக்கச் சொன்னார், நிமிர்த்தச் சொன்னார். கபிலனைச் சுவரோடு நிறுத்தி, தூரத்தில் இருந்த விளம்பரப் பலகையை வாசிக்க வைத்தார். கிட்டப் போய் மூக்கால் இழுத்து மணந்தும் பார்த்தார்.

கபிலன் அண்ணனைப் பார்த்து டேனிஷில் ஏதோ முணுமுணுத்தான்.

"என்னடா சொல்லுறாய்?"

"ஒண்டுமில்லை அங்கிள். ஏர்போர்ட் செக்கிங் மாதிரி இருக்கு எண்டனான்."

"குடிக்கிறனீங்களோ?"

"இல்லை அங்கிள்."

"சிகரெட்?"

"இல்லை."

"வேற... வேற ஏதும்?"

சுபாங்கன் மரியாதையாகக் குனிந்து சொன்னான். "அங்கிள், காற்சட்டைப் பையைப் பாக்கிறதெண்டா பாருங்கோ. விரலிலை சுத்துற டேப் மட்டும்தான் கிடக்கு."

ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது இன்னும் கரைச்சலாயிற்று. வேலைத்தலங்களைப் பார்வையிடப் போன இடத்தில் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். வைலே மேட்டுத் தெருவில் வானை ஏற்றிக்கொண்டு போய், எதற்கு வந்தேன் என்று மறந்து, உச்சியில் வைத்துத் திருப்பினார். கடைசியில் பொறுக்காமல், இறைச்சித் தொழிற்சாலைக் காலத்தில் தன்னோடு ஒரே வரிசையில் நின்ற றோஸுக்குத் தொலைபேசி எடுத்தார். றோஸ் இப்போது ரண்டர்ஸில் முதியோர் பராமரிப்பில் வேலை. ரண்டர்ஸில் அவளுக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் கறி கொதிக்காது.

"பொடியங்கள் தங்கம், நவம் அண்ணை," என்றாள் றோஸ். "ஒரு குறையும் சொல்லேலாது."

"அப்ப ஏன் பிள்ளை உவன் தந்தவன்?"

அந்தப் பக்கத்தில் சிரிப்பு. "தேப்பனை விசாரிச்சனீங்களோ?"

"தேப்பனோ? தேப்பன் விளையாடுறாரோ?"

"மாடு வாங்கிறதெண்டால் பல்லைப் பாக்கிறது, சம்பந்தம் எண்டால் குடும்பத்தைப் பாக்கிறது. உங்கட பிள்ளையளுக்குப் பேசேக்க பத்து வீட்டிலை விசாரிச்ச ஆள் நீங்கள். இதுக்கு மட்டும் பல்லோட நிண்டிட்டியளே அண்ணை! சிவபாலன் மாஸ்டரின்ர பொடியங்கள் அவங்கள். மாஸ்டர் கனடாவிலை, மகளின்ர பிள்ளைப்பேறுக்குப் போனவர். வாற கிழமை வாறார். வந்த பிறகு தெரியும்."

மாஸ்டர் வந்தார். அடுத்த சனிக்கிழமையே, ஊதாக் கம்பளித் தொப்பியும் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸுமாக. ஊரில் கல்லூரி ஒன்றில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், மாவட்ட அணியைப் பழக்கியவர், இப்போது பென்சனில் இருக்கிறார். மண்டபத்துக்குள் கால் வைத்ததும் கூடையை அண்ணாந்து பார்த்தார், நிலத்தைச் சப்பாத்தால் தேய்த்துப் பார்த்தார், பிறகுதான் நவரத்தினத்தைப் பார்த்தார்.

"நீர்தானோ நவரத்தினம்? நீர் எங்க விளையாடினனீர்?"

'நீர்' என்ற சொல் நவரத்தினத்தின் நெஞ்சில் குத்தியது. கம்பனி முதலாளியை வைலேயில் ஒருவரும் நீர் என்பதில்லை. "நான் விளையாடேல்லை. விளையாட வைக்கிறனான்," என்றார்.

"ம்," என்றார் மாஸ்டர்.

அன்றைக்கே தெரிந்துவிட்டது ஓட்டை எங்கே என்று. நவரத்தினம் விசிலை ஊதி "முன்னுக்குப் போ!" என்றால், பின்னாலிருந்து "நில்லடா! முழங்காலை மடி!" என்று ஒரு குரல் வரும். குழந்தையிலிருந்து அந்தக் குரலுக்கு ஆடிப் பழகிய பிள்ளைகள். சுபாங்கன் பந்தைப் பிடித்தால் முதலில் தகப்பனைப் பார்ப்பான், பிறகு நவரத்தினத்தைப் பார்ப்பான், அதற்குள் பந்தை எவனோ பறித்துக்கொண்டு போயிருப்பான். மதில் ஆடியது, மீன் கரைக்கு வந்தது. ரண்டர்ஸ் இரண்டு வருடமாகப் பட்ட பாடு இதுதான். ஆளை வெளியே போ என்று சொல்லவும் முடியாது. வயதுக்கு மூத்தவர், வாத்தியார், அதற்கு மேலே அந்த ரோல்ஸ். செல்வரட்ணத்துக்கு இருந்தது ஒரேயொரு வழி, பிள்ளைகளை வேறு ஊருக்குக் கட்டிக்கொடுப்பது. தகப்பன் சீதனமாகக் கூடப் போவார்.

நவரத்தினம் சும்மா இருக்கிற ஆளா? ஒரு கிழமை பொறுத்தார், மறு கிழமை கட்டளை போட்டார். பெற்றோர் எல்லோரும் மேல்தட்டுப் படிகளில் மட்டும் இருக்கலாம், பெஞ்சடிக்கு வரக்கூடாது. மாஸ்டர் ரோல்ஸ் பெட்டியோடு மேலே ஏறினார். மேலேயிருந்து குரல் இன்னும் நன்றாகக் கேட்டது.

தை பிறந்தது. ரண்டர்ஸ் வந்து இறங்குகிற நாள் மண்டபம் நிரம்பியது. வைலே முழுக்க ஒரே கேள்விதான், மாற்று சரியா பிழையா. நவரத்தினம் விடியமுன்னமே வந்து திறந்துவிட்டு, பெஞ்சை இழுத்துப் போட்டார், திரும்பத் தள்ளினார், இன்னொரு தரம் இழுத்தார்.

செல்வரட்ணம் தேநீர்க் கோப்பையோடு வந்தார். "என்ன அண்ணை, மெலிஞ்சு போனியள்? மாஸ்டர் சுகமோ?"

"நல்ல சுகம். உம்மைக் கேட்டவர்," என்றார் நவரத்தினம், பல்லைக் கடித்தபடி.

ஆட்டம் தொடங்கியது. றொனிஷன் ரண்டர்ஸின் நீலச் சட்டையோடு ஓடிவந்து முதல் பந்தையே கூடைக்குள் போட்டான். அடுத்ததையும் போட்டான். கூடை அவனுடைய வீட்டு அலுமாரி போல. இந்தப் பக்கத்தில் சுபாங்கன் பந்தோடு நின்றான். மேலே பார்த்தான். பெஞ்சைப் பார்த்தான். "எறியடா!" என்று கீழே, "எறியாத, குடு!" என்று மேலே. பந்து போய்விட்டது. சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. அஜந்தினி கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். அந்த மேசையும் அதன்மேல் வைக்கப்போகிற விசிலும் திறப்பும் நவரத்தினத்தின் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போயின.

இடைவேளை. வைலே நன்றாகவே பின்னுக்கு நின்றது. பொடியன்கள் பெஞ்சடியில் வியர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார்கள். நவரத்தினம் பலகையைத் தூக்கிக் கோடு கீறினார், கத்தினார், இன்னும் ஒரு கோடு கீறினார். ஒரு கண்ணும் அந்தப் பலகையில் இல்லை. சுபாங்கனும் கபிலனும் மேலே பார்த்தார்கள். மற்றவர்கள் இவர்கள் இருவரையும் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் நவரத்தினத்துக்கு வந்தது ஞானம் அல்ல, எரிச்சல். செல்வரட்ணம் இரண்டு வருடம் மாஸ்டரின் வாயை அடைக்கப் பார்த்துத் தோற்றான். தானும் அதையே செய்து தோற்றால், அவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு குரலில் ஒன்று நிற்கவேண்டும். அந்தக் குரல் நிற்காது. அப்படியென்றால் நிற்கக்கூடியது ஒன்றுதான் மிச்சம். அது தன்னுடையது. அரைவாசி மண்டபம் கேட்கக் கூப்பிட்டார்.

"மாஸ்டர்! கீழ இறங்கி வாரும்!"

மாஸ்டர் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். "என்ன, அடிபடவோ?"

"சொல்லிக் குடுக்க. கெதியா வாரும், நேரம் போகுது!"

மாஸ்டர் இறங்கி வந்தார். பலகையை வாங்கி நவரத்தினம் கீறின கோடு எல்லாவற்றையும் உள்ளங்கையால் அழித்தார். பிறகு கேட்டார். "உம்மட றொனிஷன் எந்தப் பக்கம் பலவீனம்? நீர்தானே வளத்தனீர்."

நவரத்தினம் எதிர்ப்பக்கம் பார்த்தார். றொனிஷன் தண்ணீர் குடித்துக்கொண்டே இவரைப் பார்த்து, சின்ன வயதில் செய்கிறது போல, புருவத்தை உயர்த்திக் காட்டினான்.

"நீர் கேக்கிறது என்ன எண்டு தெரியுமோ?" என்றார் நவரத்தினம்.

"தெரியும். சொல்லும்."

"இடப்பக்கம் திருப்பினால் பந்தைக் குனிஞ்சு பாப்பான்," என்றார் மெல்ல. "பாக்கிற நேரத்திலை தட்டலாம்."

மாஸ்டர் தலையை ஆட்டினார், பிள்ளைகளைக் கிட்ட இழுத்தார். நவரத்தினம் விசிலைக் கழுத்திலிருந்து எடுத்து மாஸ்டரின் கையில் திணித்தார். பெஞ்சின் முதலாவது இருக்கையில் மாஸ்டர் இருந்தார். நவரத்தினத்துக்கு எங்கே இருப்பது என்று தெரியவில்லை. பெஞ்சின் கடைசிக்குப் போனார், எழும்பினார், கதவடிக்குப் போனார். கை இரண்டையும் பைக்குள் வைத்தார், வெளியே எடுத்தார். கத்த வந்த சொல்லையெல்லாம் விழுங்கினார்.

இப்போது சுபாங்கனுக்குக் கேட்டது ஒரு குரல்தான். அவன் மேலே பார்க்கவில்லை, பந்தைப் பார்த்தான். கபிலன் றொனிஷனை இடப்பக்கம் தள்ளித் தள்ளி நின்றான். றொனிஷன் குனிந்தான், பந்து போயிற்று. மறுபடியும் குனிந்தான், மறுபடியும் போயிற்று. மூன்றாம் தரம் பந்தை இழந்தபோது அவன் நேரே கதவடியைப் பார்த்தான். யார் சொன்னது என்று அவனுக்கு விளங்கிவிட்டது. நவரத்தினம் சுவரில் இருந்த தீயணைப்புக் குழாயில் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினார்.

வைலே வென்றது, ஒரு கூடை வித்தியாசத்தில். சனம் கீழே பாய்ந்து மாஸ்டரைத் தூக்கியது.

அஜந்தினி ஓடிவந்தாள். "அங்கிள், மாற்று சரி! நீங்கள் ஒண்டையும் மேசையிலை வைக்கத் தேவையில்லை."

"மாற்று சரியெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார் நவரத்தினம். "விசில் மாஸ்டரிட்டையே இருக்கட்டும். திறப்பு என்னட்ட. மண்டபத்தை ஆராவது திறக்க வேணுமே."

சொல்லிவிட்டு வெளியே வந்தார். கடல்வாய்ப் பக்கமிருந்து காற்று முகத்தில் அறைந்தது. றொனிஷன் பையோடு வந்தான். கடந்து போய்விடுவான் என்று நினைத்தார். நின்றான்.

"அங்கிள், சொல்லிக் குடுத்திட்டீங்கள் என்ன?"

"ஓம்."

"ஸீரியோஸ்ட், உண்மையாவோ அங்கிள்! பத்து வருசமா என்னட்டச் சொல்லேல்லை, அவங்களிட்டச் சொல்லியிருக்கிறீங்கள்."

நவரத்தினம் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றல்ல. போடுகிற பந்தெல்லாம் விழுகிற பொடியனுக்கு எதைத் திருத்துவது என்றுதான் விட்டார். "இனிக் குனியாத," என்று மட்டும் சொன்னார். பொடியன் தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறினான்.

செல்வரட்ணம் தன்னுடைய ஆட்களை எண்ணி ஏற்றிவிட்டுக் கிட்ட வந்தார். முகத்தில் காலைச் சிரிப்பு இல்லை. "அண்ணை, நீங்கள் பொல்லாத ஆள். உந்த மனுசனை எப்பிடி அடக்கினியள்?"

"அடக்கேல்லை. அவிட்டு விட்டனான்." நவரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார். "நீர் ரெண்டு பேரைத் தந்தனெண்டு நினைக்கிறீர். நான் எடுத்தது மூண்டு. ஒண்டு குடுத்து மூண்டு. எட்டாம் வகுப்புக் கணக்கு இது."

செல்வரட்ணம் சப்பாத்தால் உறைபனியைக் கிண்டிக்கொண்டு நின்றார். பிறகு, பகிடி போலவும் பகிடி இல்லாதது போலவும் கேட்டார். "வாற வருசம் மாஸ்டரைத் திருப்பித் தருவியளோ?"

இந்த ஒரு கேள்வி போதும் மாற்றின் பெறுமதியைச் சொல்ல. தள்ளிவிட்டவனே திருப்பிக் கேட்கிறான்! இதைக் கேட்பதற்குத்தானே மூன்று மாதமாகச் சாப்பாடு இறங்காமல் திரிந்தது. கேட்டாயிற்று. ஆனால் உள்ளே மண்டபத்தில் விசில் சத்தம் கேட்டது, யாரோ சின்னப் பிள்ளைக்கு மாஸ்டர் ஊதிக் காட்டுகிறார் போல, அந்தச் சத்தத்துக்கு நவரத்தினத்தின் கை தானாகக் கழுத்துக்குப் போய் வெறும் சட்டையைப் பிடித்தது.

"மாஸ்டரைத் தரேலாது," என்றார். "வேணுமெண்டால் என்னை எடும். நான் இப்ப சும்மாதான்."

செல்வரட்ணம் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களையோ? பதிலுக்கு நாங்கள் ஆரைத் தாறது?"

"ரெண்டு பேர் வேணும்," என்றார் நவரத்தினம், யோசிக்காமலே. "குறைஞ்சு வரமாட்டன். அதிலை ஒராள் றொனிஷன்."